பழைய துப்பாக்கியில் பொறித்த பெயர்கள்



பித்தளைக் குடத்தில் பெயர் வெட்டி வைப்பது நம் வீட்டு வழக்கம். அந்தப் பெயரைக் குடம் செய்த கன்னாரின் பெயர் என்று எவரும் கொள்வதில்லை. உடையவர் பெயராக இருக்கும். அல்லது சீராகக் கொடுத்தவர் பெயராக இருக்கும். ஆனால் பழைய துப்பாக்கி ஒன்றின் குழலில் ஒரு பெயரைக் கண்டவுடன், அது செய்தவர் பெயரே என்று முடிவு கட்டிவிடுகிறோம். குடத்தைப் படிக்கத் தெரிந்த நாம் துப்பாக்கியைப் படிக்கும்போது மட்டும் இவ்வாறு அவசரப்படுவது ஏனென்று தெரியவில்லை. செய்தவர், சோதித்தவர், விற்றவர், வைத்திருந்தவர் ஆகிய நால்வரும் ஒரே இரும்பில் தத்தம் அடையாளத்தை இட்டிருக்கக்கூடும். அவற்றைப் பிரித்தறிவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

எல்லா வகைத் துப்பாக்கிகளையும் பற்றிப் பேச நேரம் போதாது. ஆகையால் ஒரே ஓர் இனத்தை எடுத்துக்கொள்வோம். விசையைச் சுற்றியுள்ள வளையம் பின்னோக்கி நீண்டு, கைப்பிடி போல் அமைந்திருக்கும். அதைக் கீழே தள்ளினால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே விழும். மேலே இழுத்தால் புதுத் தோட்டா குழலுக்குள் ஏறும். இந்த நெம்புகோல் ரைபிள் அமெரிக்காவில் பிறந்து உலகெங்கும் பரவியது. ரயில்வே, சுரங்கம், வனத்துறை, பட்டாளம் என்று பல அலுவல்களில் வட நாடு சென்று தங்கிவிட்ட நம்மவர் குடும்பங்கள் சிலவற்றிலும், பாட்டனாரோ தந்தையாரோ உரிமத்துடன் வாங்கிய இத்தகைய ரைபிள் ஒன்று இரும்புப் பெட்டியில் உறங்குகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டமையால், அதற்கு இப்போது வேலையில்லை. ஆனால் பொறுப்பு மட்டும் நீங்கவில்லை.

பொறுப்பு என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, துப்பாக்கியிலுள்ள பெயரையோ எண்ணையோ வேறு அடையாளத்தையோ அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. அது மட்டுமன்று. அடையாளம் அழிந்த துப்பாக்கி எவர் வசம் இருக்கிறதோ, அவரே அழித்தவர் என்று கொள்ளப்படும். அவ்வாறன்று என்று மெய்ப்பிக்கும் சுமை அவர் தலைமேல் விழும். மேலும் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. பரம்பரையாக வந்தவற்றுக்கும் இந்த வரம்பு பொருந்தும். ஆகவே, எதை வைத்துக்கொள்வது, எதை ஒப்படைப்பது என்று முடிவு செய்யவேண்டிய குடும்பங்கள் பல. கையிலிருப்பது இன்னதென்று அறியாமல் அம்முடிவை எப்படிச் செய்வது? பழைய பொருளாயிற்றே, உரிமம் எதற்கு என்று கேட்பவரும் உண்டு. பழுது பார்த்தாலும் துப்பாக்கியாகப் பயன்படாத நிலையில் உள்ள பழம்பொருளுக்கே நம் சட்டம் விலக்களிக்கிறது. பழமை மட்டும் போதாது.

முதலில் செய்தவரின் அடையாளத்தைப் பார்ப்போம். தேட வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, குழலின் மேற்புறம். இரண்டு, குழலும் மரக்கட்டையும் கூடுமிடத்தில் பெட்டி போலுள்ள நடுவுடல். மூன்று, அந்நடுவுடலிலிருந்து வால் போல் பின்னே நீண்டு கட்டையில் பதியும் இரும்புப் பட்டை. வின்செஸ்டர் கம்பெனியின் 1873, 1886ஆம் ஆண்டு மாதிரிகளில் வரிசை எண் கீழ்ப்புற வால்பட்டையில் இருக்கும். 1892, 1894, 1895 மாதிரிகளில் நடுவுடலின் அடிப்புறத்தில் இருக்கும்.

இங்கே பெயர்க் குழப்பம் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஆலிவர் வின்செஸ்டர் என்பவர் சட்டை தைத்து விற்றுப் பொருளீட்டியவர். அவர் நடத்திய நியூ ஹேவன் ஆயுதக் கம்பெனியில் பட்டறைத் தலைவராக இருந்தவர் பெஞ்சமின் டைலர் ஹென்றி. ஹென்றியின் காப்புரிமை 1860 அக்டோபர் 16ஆம் தேதியது. அவர் பெயரால் வந்த ரைபிள்கள் சுமார் 14,000 மட்டுமே. 1866இல் நெல்சன் கிங் என்பார் தோட்டா நிரப்பும் முறையைத் திருத்தினார்; கம்பெனியின் பெயரும் வின்செஸ்டர் என மாறியது. ஆனால் 1866ஆம் ஆண்டு மாதிரியின் முதற்படிகளில், குழலின் மேல் ஹென்றியின் காப்புரிமையும் கிங்கின் காப்புரிமையும் தேதியோடு காணப்படுமேயன்றி வின்செஸ்டர் என்ற சொல்லே இராது. இதைப் பார்த்துவிட்டு, கிடைத்தற்கரிய ஹென்றி ரைபிள் தம்மிடம் இருப்பதாக நம்புவோர் உண்டு. கிங்கின் பெயர் அருகில் இருக்குமாயின் அது ஹென்றியன்று, முதல் வின்செஸ்டர். நடுவுடலின் பக்கவாட்டில் தோட்டாவைத் தள்ளும் வாயில் இருப்பதும் அதனை உறுதி செய்யும்.

தேதிகள் இதனினும் பெரிய கண்ணி. குழலில் 1884 அக்டோபர் 14 என்று பொறித்திருந்தால், அந்த ரைபிள் அவ்வாண்டில் பிறந்தது என்று எவருக்கும் தோன்றும். உண்மை என்னவெனில், அது ஜான் பிரவுனிங், மாத்தியூ பிரவுனிங் என்னும் உடன்பிறந்தார் பெற்ற காப்புரிமையின் தேதி. அவ்வுரிமையை விலைக்கு வாங்கிய வின்செஸ்டர் கம்பெனி 1886 மாதிரியிலும் 1892 மாதிரியிலும் அத்தேதியைப் பொறித்தது. கண்டுபிடித்தவரின் பெயர் ரைபிளில் எங்கும் இராது. தேதி மட்டும் இருக்கும்! அவ்வாறே வால்பட்டையில் காணும் மாதிரி 1894 என்ற எழுத்தும் செய்த ஆண்டைச் சொல்வதன்று. அந்த மாதிரியின் உற்பத்தி நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்பட்ட 2006 வரை தொடர்ந்தது. பிற்காலத்தில் பெயர் மட்டும் 94 எனச் சுருங்கியது. செய்த ஆண்டைக் காட்ட வல்லது வரிசை எண் ஒன்றே. அமெரிக்கச் சட்டத்தில் 1898 முடியச் செய்யப்பட்டதே தொன்மைத் துப்பாக்கி. ஆதலின் அங்கே 1894 மாதிரி ரைபிளை விற்பவரும் வாங்குபவரும் அந்த ஓர் எண்ணைத்தான் உற்று நோக்குகிறார்கள்.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. தந்தையார் காலமானபின் மகன் உரிமத்தைத் தம் பெயருக்கு மாற்ற மனுச் செய்தார். பழைய உரிமப் புத்தகத்தில், செய்தவர் என்ற இடத்தில் கல்கத்தாவிலிருந்த ஒரு கடையின் பெயரும், செய்த ஆண்டு 1884 என்றும் எழுதியிருந்தது. ரைபிளோ 1892 மாதிரி வின்செஸ்டர். எழுத்தர் ஒருவர் என்றோ பெரிதாகத் தெரிந்த பெயரையும் பெரிதாகத் தெரிந்த ஆண்டையும் பார்த்து எழுதிவிட்டார். புத்தகத்தில் உள்ள துப்பாக்கி வேறு, காட்டப்படும் துப்பாக்கி வேறு என்ற ஐயம் எழுந்தது. வரிசை எண் மட்டும் இரண்டிலும் ஒத்திருந்தமையால் அவர் தப்பினார். இல்லையெனில், காலமான தந்தையாரின் பெயர் மீதே பழி வந்திருக்கும். அந்த ஐயம் தீர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. நாம் மத்திய அரசின் மொழிபெயர்ப்பு அலுவலில் இருப்பவர். ஒரு படிவத்தில் செய்தவர் என்பதும் விற்றவர் என்பதும் தனித்தனிப் பத்திகளாக இருந்தால் எத்தனை குடும்பங்களின் அலைச்சல் குறையும் என்று நினைப்பதுண்டு. அது வேறு கதை.

ஊர்ப் பெயரை மட்டும் நம்பியும் முடிவு செய்தல் கூடாது. நியூ ஹேவன் என்றால் வின்செஸ்டர் என்று பொருளன்று. அதே நகரில் மார்லின் கம்பெனியும் இருந்தது. பக்கத்தில் விட்னி ஆயுதசாலையும் இருந்தது. விட்னியை 1888இல் வின்செஸ்டர் விலைக்கு வாங்கிக்கொண்டது. எழுத்துத் தேய்ந்திருந்தால் உருவத்தைப் பார்க்க வேண்டும். அக்கால வின்செஸ்டர் வெடித்த கூட்டை மேல்நோக்கி எறியும். 1889க்குப் பின் வந்த மார்லினின் மேற்புறம் மூடியிருக்கும். கூடு பக்கவாட்டில் போகும். யூட்டிகா நகரத்துச் சாவேஜ் 1899 மாதிரியில் வெளியே தெரியும் குதிரையே கிடையாது. இனி, ஸ்பெயின் நாட்டு ஐபார் நகரில் காராத்தே அனித்துவா என்ற கம்பெனி 1915 முதல் 1892 மாதிரி வின்செஸ்டரை அச்சாக நகலெடுத்து, எல் டிக்ரே, அதாவது புலி, என்ற பெயரில் விற்றது. தொலைவிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. குழலில் உள்ள ஸ்பானிய எழுத்தே காட்டிக்கொடுக்கும். நல்ல ரைபிள்தான்; ஆனால் வின்செஸ்டர் அன்று.

அடுத்தது சோதனை முத்திரை. இதனைப் பலர் செய்தவரின் இலச்சினை என்று தவறாகக் கொள்கின்றனர். இங்கிலாந்தில் விற்கப்படும் ஒவ்வொரு குழலையும் மிகுதியான மருந்திட்டு வெடித்துச் சோதித்த பின்னரே விற்கலாம் என்பது 1868ஆம் ஆண்டுச் சட்டம். சோதனைக்கூடங்கள் இரண்டு. லண்டன் கூடம் 1637இல் சாசனம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்தது. பர்மிங்காம் கூடம் 1813இல் ஏற்பட்டது. மகுடத்தின் கீழ் ஜி, பி என்ற எழுத்துகள் பின்னியிருந்தால் லண்டன். 1904க்குப் பிந்திய குழலில் மகுடத்தின் கீழ் பி பி, பி வி என்று இருந்தால் பர்மிங்காம். அமெரிக்க ரைபிளில் இம்முத்திரை இருந்தால் அது இங்கிலாந்து வழியாக வந்தது என்று அறியலாம். 1925 முதல் 1955 வரை அயல்நாட்டுத் துப்பாக்கிகளில் இது இங்கிலாந்தில் செய்ததன்று என்ற வாசகத்தையே ஆங்கிலத்தில் பொறித்தார்கள். வின்செஸ்டர் கம்பெனி, முட்டை வடிவ வட்டத்துக்குள் டபிள்யூ, பி என்ற தன் சொந்தச் சோதனை முத்திரையை 1905இல்தான் இடத் தொடங்கியது. ஆதலின் அது இல்லாத ரைபிள் போலி என்று பயப்பட வேண்டாம். அது மூத்ததாக இருக்கலாம்.

முத்திரைகளில் உயிரைக் காக்கும் செய்தி ஒன்றும் உண்டு. பழைய குழல்கள் கரிமருந்துக்காகச் செய்தவை. 1890களில் புகையற்ற மருந்து வந்தது. அதன் அழுத்தம் மிகப் பெரிது. அதற்கேற்ற குழல்களில் வின்செஸ்டர் கம்பெனி, நிக்கல் எஃகுக் குழல், புகையற்ற மருந்துக்கென்றே அமைந்தது என்று பொறித்தது. மார்லினும் அவ்வாறே விசேஷ எஃகு என்று பொறித்தது. 1894 மாதிரியே முதலில் கரிமருந்துத் தோட்டாக்களோடு வந்து, அடுத்த ஆண்டு புகையற்ற தோட்டாவுக்கு மாறியது. வெளித் தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அந்த எழுத்து இல்லாத குழலில் இன்றையத் தோட்டாவை இடுவது ஆபத்து. உரிமம் இருந்தாலும், வெடித்துப் பார்ப்போமே என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம்.

இப்போது விற்றவரிடம் வருவோம். நம் நாட்டில் மிகப் பெரிய எழுத்தில் காண்பது பெரும்பாலும் இவர் பெயரே. கல்கத்தாவில் மேன்டன் கம்பெனி, ரோடா கம்பெனி, லயன் அண்டு லயன் ஆகியவை பெயர் பெற்ற கடைகள். சென்னையில் மவுண்ட் ரோட்டு பி. ஆர் அண்டு சன்ஸ் கடையைக் கடிகாரத்துக்காக நாம் அறிவோம். அவர்கள் பெயர் பொறித்த துப்பாக்கிகளும் உண்டு. கடிகாரக் கடைக்காரர் உலைக்களம் வைத்துக் குழல் கடைந்தார் என்று எவரும் நம்பமாட்டார்கள் அல்லவா? பர்மிங்காமிலோ நியூ ஹேவனிலோ செய்த சரக்கு இங்கு வந்து கடைப்பெயர் பெற்றது. அமெரிக்காவிலும் இதுவே வழக்கம். டென்வர் நகரத்துத் துப்பாக்கிக் கடைக்காரர்களான கார்லோஸ் கோவ், ஜே. பி. லோவர் போன்றோரின் பெயரைப் பழைய குழல்களில் காணலாம். அவ்வாறு பெயர் உள்ளவற்றுக்குச் சேகரிப்போர் தனி விலை கொடுக்கின்றனர். மேற்குப் பகுதியின் சுரங்க ஊர்களுக்குச் சென்ற ரைபிள் என்பதற்கு அது சான்றாகிறது.

விற்றவர் பெயரைச் செய்தவர் பெயரென்று கொள்வது தவறு. அதற்காக அதனைப் பயனற்றதென்று தள்ளுவது அதைவிடத் தவறு. ஒரு கடை எந்தப் பெயரில், எந்த முகவரியில், எந்த ஆண்டு வரை இருந்தது என்று தெரிந்தால் விற்ற காலம் தெரிந்துவிடும். லண்டன் ஹாலண்டு கடை, ஹாலண்டு அண்டு ஹாலண்டு என்று இரட்டைப் பெயர் பெற்றது 1876இல். ஆகவே அவ்விரட்டைப் பெயர் பொறித்தது எதுவும் அதற்கு முன் விற்றதாக இருக்க முடியாது. மேலும் நல்ல கடைகள் தாம் விற்ற ஒவ்வொன்றின் எண்ணையும் பேரேட்டில் பதிந்தன. 1914 ஆகஸ்டு 26ஆம் தேதி கல்கத்தாவில் ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌஸர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் புரட்சியாளர் கொண்டுசென்ற வரலாற்றை வங்கத்தில் வாழும் நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அவை நெம்புகோல் இனமல்ல. எனினும் இங்கே சொல்லத் தக்கது. அக்கைத்துப்பாக்கிகளின் எண்கள் கடையின் பதிவில் இருந்தமையாலேயே, பின்னர் எங்கெங்கோ அகப்பட்டவை ரோடா சரக்கே என்று அரசினர் அடையாளம் கண்டனர்.

நால்வரில் கடைசியாக, வைத்திருந்தவரின் குறி. கனடாவின் வடமேற்குக் குதிரைப் போலீசார் 1876 மாதிரி வின்செஸ்டர்களைக் கொண்டிருந்தனர்; அப்படையின் முதலெழுத்துகள் மரக்கட்டையில் முத்திரையாக இருக்கும். முதல் உலகப் போரில் ருஷ்யப் பேரரசு 1895 மாதிரியில் சுமார் 2,94,000 வாங்கியது. அவற்றில் ருஷ்ய மேற்பார்வையாளரின் முத்திரை உண்டு. இந்த 1895 மாதிரியின் பெரிய தோட்டாவான .405ஐத்தான் தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். பெங்களூரில் வாழ்ந்து 1974இல் மறைந்த கென்னத் ஆண்டர்சனும் ஜவளகிரி முதலிய நம் எல்லைக் காடுகளில் கையாண்டது அதே .405 வின்செஸ்டர். அத்தோட்டாவின் உற்பத்தியைக் கம்பெனி 1955இல் நிறுத்தியது. தென்னிந்தியாவில் அந்த மாதிரிக்கு இன்றும் ஒரு தனி மதிப்பு இருப்பதற்கு அவர் எழுதிய நூல்களும் காரணம்.

மதிப்பு என்றவுடன் போலிகள் தோன்றாமல் இருக்குமா? 1873 மாதிரியில் மிக நேர்த்தியாய் அமைந்த குழல்களைப் பொறுக்கி, ஆயிரத்தில் ஒன்று என்று பொறித்து அதிக விலைக்கு விற்றார்கள். அத்தகையவை நூற்றுச் சொச்சமே. 1950இல் அதையே பொருளாகக் கொண்டு ஒரு திரைப்படம் வந்தது. படக் கம்பெனியார் அத்தகைய ரைபிள் வைத்திருப்போரைத் தேடி விளம்பரமும் செய்தார்கள். அதன்பின் சாதாரண ரைபிள்களில் அவ்வாசகத்தை வெட்டுவோரும் கிளம்பினர். எழுத்தின் ஓரம் கூர்மையாகவும் சுற்றியுள்ள இரும்பு தேய்ந்தும் இருந்தால் ஐயுறலாம். இரும்பும் எழுத்தும் சேர்ந்தே மூப்படைய வேண்டும். முடிவான சான்று தொழிற்சாலையின் பேரேடு. வையோமிங் மாநிலம் கோடி நகரத்து அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பேரேடுகளும் மார்லினின் பேரேடுகள் சிலவும் உள்ளன. எண்ணைக் குறித்து எழுதினால், கட்டணம் பெற்றுக்கொண்டு, அந்த ரைபிள் எந்தக் குழலோடு எந்தத் தேதியில் தொழிற்சாலையை விட்டுச் சென்றது என்று பதில் தருகிறார்கள். எல்லா மாதிரிகளுக்கும் எல்லா எண்களுக்கும் ஏடு எஞ்சவில்லை.

முத்திரைகளைப் படிக்கும் முறையைச் சொல்லி நிறுத்திக்கொள்வோம். துப்பாக்கியை முதலில் உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ பழுது பார்ப்பவரிடமோ கொடுத்து, உள்ளே தோட்டா இல்லை என்பதை உறுதி செய்யச் சொல்லவேண்டும். குழாயிலுள்ள தோட்டா வெளியே தெரியாது. பல விபத்துகளின் மூலம் அதுவே. துருவைப் போக்க உப்புத்தாளோ பாத்திரம் துலக்கும் பொடியோ உதவாது. புதுமெருகு ஏற்றித் தருகிறேன் என்று வருபவரிடம் கொடுக்கவே கூடாது. அவர் துருவோடு எண்ணையும் எடுத்துவிடுவார், 8ஆம் பிரிவுக்கு விடை சொல்பவர் நீங்கள். மெல்லிய எண்ணெய் தடவி ஒரு நாள் வைத்து, மென்துணியால் துடைத்தால் போதும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலால் எழும். கல்வெட்டுத் துறையினர் மைப்படி எடுப்பது போல, மெல்லிய தாளை எழுத்தின் மேல் விரித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் படி கிடைக்கும். ஒவ்வொரு படியின் கீழும், குழலின் மேற்புறம், நடுவுடலின் அடி, வால்பட்டை என்று எடுத்த இடத்தை எழுதிவையுங்கள். அப்படிகளில் ஒரு தொகுதியை உரிமப் புத்தகத்தோடு வையுங்கள். மற்றொன்றை, துப்பாக்கியை ஒப்படைக்கும் நாளில் ரசீதோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள்.